பூனையின் அறையில் நான்கு குருவிகள்

"உன் ரூமைக் கொஞ்ச நாளைக்குக் கடன் தருவியா?" என்று அண்ணி கேட்டாள்.

பூனை கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள். "எதுக்கு அண்ணி?"

"பசங்களுக்குப் பாடம் எடுக்கணும்."

"எந்தப் பசங்க?"

"நம்ம பசங்கதான். நாலு பேர். கூடவே வாத்தியாரும் வருவார்."

பூனை பென்சிலை உதட்டில் தட்டிக்கொண்டே யோசித்தாள். "அப்ப நான் எங்க போறது?"

"நீ எங்கயும் போக வேணாம். நீ இருக்கறதாலதான் இந்த ரூமையே கேக்கறேன். இந்த வீட்ல சத்தம் போடாத ஆள் நீ ஒருத்திதான்."

கூடத்தில் செய்தித்தாள் விரித்திருந்த அண்ணியின் கணவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "குருவிங்களைக் கொண்டுபோய்ப் பூனைகிட்டயே ஒப்படைக்கிறியா? நல்லா இருக்கே கதை!"

"நீங்க சும்மா இருங்க. உங்க தொண்டையைக் கேட்டு வளர்ந்தா அதுங்க பாடாது, இருமும்."

"இருமல்ல முதல் பரிசு வாங்கினாலும் பரிசு பரிசுதானே தாயே!"

அண்ணி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "நீ சொல்லு பூனை. தருவியா?"

"மேஜையை நகர்த்தணுமா?"

"வேணாம். அலமாரி மேல வச்சுக்கறேன்."

"உமி பறக்குமா?"

"பறக்கும். நான் பெருக்கிடறேன்."

பூனை மறுபடியும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது நீண்ட உரையாடல்.

ரூம் கேட்டவள் மாமியாருக்கு 'ஏம்மா'. கணவனுக்கு நல்ல நாளில் ஒரு பெயர், கோபம் வந்தாலோ கிண்டல் வந்தாலோ 'தாயே'. வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் 'மேடம்'. கணவனின் தங்கை ஒருத்திக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் இந்தக் கதையில் அந்தத் தங்கைக்கும் அவளுக்கும் நடுவில்தான் எல்லாம் நடக்கிறது என்பதால், நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

தங்கைக்குப் பூனை என்று பெயர் வைத்தது அண்ணன். நடந்தால் காலடி கேட்காது; பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. இயந்திரங்களுடன் வரும் விளக்கப் புத்தகங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது அவள் வேலை. நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் செய்வாள். "இவ எழுதினதைப் படிச்சுத்தான் ஊரே வாஷிங் மெஷின் ஓட்டுது. வீட்ல ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நமக்குப் போதும் போதும்னு ஆயிடுது" என்பான் அண்ணன்.

அண்ணி இதற்கு நேரெதிர். அவளால் மூடியிருக்கிற எதையும் மூடியபடி விட முடியாது. கண்ணாடிக் கடையின் பின்பக்கம், வட்டமான லென்சைச் சட்டத்துக்கு ஏற்றபடி இயந்திரத்தில் தேய்த்துக் கொடுப்பவள் அவள். தேய்த்ததை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. வந்த உறையைப் பிரிக்கும் முன் ஜன்னலில் பிடித்துப் பார்ப்பாள். வெங்காயத் தோலைப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் கணவனின் பழைய எக்ஸ்ரே ஒன்று அலமாரியில் கிடைத்தபோது, அதைப் பால்கனி வெளிச்சத்தில் பிடித்து, "பரவாயில்ல, உள்ளேயும் ஒழுங்காத்தான் இருக்கீங்க" என்றாள்.

கேனரி என்ற பாடும் குருவி அவள் வாழ்க்கையில் நுழைந்ததும் இப்படி ஒரு மூடியைத் திறந்ததால்தான். நாலு பஸ் ஸ்டாப் தள்ளி மருந்துக் கடை வைத்திருந்த ஒருவர், காது உடைந்த கண்ணாடியைச் சரிபண்ண வந்தார். ஒரு கையில் கண்ணாடி, இன்னொரு கையில் துணி போர்த்திய சின்னப் பெட்டி. எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். அண்ணி பெட்டியைப் பார்த்தாள்.

"உள்ள என்ன சார்?"

அவர் துணியை ஒரு விரல் அகலம் விலக்கினார். உள்ளே பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு சிறு குருவி, பார்வைக்கு அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் இவளையே பார்த்தது. பிறகு அலகை மூடியபடியே, தொண்டை மட்டும் உப்பி அதிர, ஆழத்தில் தண்ணீர் உருள்வதுபோல் ஒரு சத்தம் வந்தது. நிற்காமல் வந்தது.

"வாயே திறக்கலையே! சத்தம் எங்கேருந்து வருது?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் நானும் இத்தனை வருஷமா வளர்க்கறேன்" என்றார் அவர்.

அதோடு முடிந்தது அண்ணியின் நிம்மதி. அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதம் அவள் வீட்டின் பின்பால்கனிக்குக் கண்ணாடி அடைத்து, ஒரு ஆணும் ஒரு பெட்டையும் குடியேறின. நடுவில் கம்பித் தடுப்பு போட்ட கூண்டு. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். உடனே சேர்த்துவிடக் கூடாது, அடித்துக்கொள்ளும். என்றைக்கு அவன் தன் வாய் உணவைக் கம்பி வழியாக அவளுக்கு ஊட்டுகிறானோ, அன்றைக்குத் தடுப்பை எடுக்கலாம்.

மாமியார் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதைக் கவனித்தாள். மூன்றாம் நாள், "ஏம்மா, ஊட்டிட்டான்! கதவைத் திற!" என்று அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்களே இறங்கி வந்துவிட்டார்கள்.

முதல் வருஷத்தில் அண்ணி ஒரு தப்பு செய்தாள். அவளைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. பெட்டை காலைக்கு ஒன்றாக முட்டையிடும். முதல் முட்டையை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் முட்டை ஒன்றை வைக்க வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அப்படியே. எல்லாம் இட்டு முடித்ததும் நிஜ முட்டைகளைச் சேர்த்துத் திருப்பி வைத்தால், குஞ்சுகள் ஒரே நாளில் பொரிந்து, ஒன்றையொன்று மிதிக்காமல் வளரும். அதுவரை எல்லாம் சரியாகச் செய்தாள். அதற்கப்புறம்தான் பொறுக்க முடியவில்லை. கடையிலிருந்து சின்ன டார்ச் ஒன்றைக் கொண்டுவந்து, பெட்டை தீனிக்கு இறங்குகிற நேரம் பார்த்து, முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள். அந்த அதிசயத்தை ஒருமுறை பார்த்தவளால் மறுபடி பார்க்காமல் இருக்க முடியுமா? காலையில் பார்த்தாள், மாலையில் பார்த்தாள், கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள், மாமியாருக்குக் காட்டினாள். ஒருநாள் பெட்டை கூட்டுக்குத் திரும்பவே இல்லை. கூண்டின் மூலையில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டது. முட்டைகள் ஆறிப்போயின.

"எட்டிப் பார்த்தே கெடுத்துட்டீங்க" என்றார் மருந்துக் கடைக்காரர். அவர் அதை இரண்டாவது தடவை சொல்லவில்லை. அண்ணி தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு குஞ்சுகள் பொரிந்தன. அவித்த முட்டையை ரஸ்க் தூளோடு பிசைந்து வைத்தால் பெட்டை அதை விழுங்கி விழுங்கி ஊட்டியது. அந்த வேலையெல்லாம் அண்ணிக்குக் கைவந்தது. சிக்கல் பாட்டில்தான். இந்த இனத்து ஆண்குருவி பிறவியிலேயே பாட்டோடு வருவதில்லை. முதல் இறகு உதிர்ந்து முளைத்த பிறகு, நன்றாகப் பாடுகிற மூத்த ஆண் ஒன்றின் பக்கத்தில் வைத்தால் அதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். அந்த மூத்தவனைத்தான் அண்ணி வாத்தியார் என்பாள். ஆனால் குருவிக்கு வாத்தியார் எது, மற்ற சத்தம் எது என்று பேதம் தெரியாது. காதில் விழுவது எல்லாமே பாடம்.

வருஷத்துக்கொருமுறை, குளிர் தொடங்கும்போது, மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில் குருவி வளர்ப்போர் சங்கத்தின் கேட்பு நடக்கும். வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வந்து, ஒரே வீட்டில் பிறந்த நான்கு குருவிகளை ஒன்றாக வைத்துக் கேட்பார். தேறினால் அந்த வீட்டுக்கென்று ஒரு எண் கிடைக்கும். அடுத்த வருஷம் பிறக்கும் குஞ்சுகளின் கால் வளையத்தில் அந்த எண்ணைப் பொறிக்கலாம். அண்ணி ஆசைப்பட்டது அந்த எண் ஒன்றுக்குத்தான்.

முதல் முறை கொண்டுபோன குருவிகள் அழகாக உருட்டிக்கொண்டே வந்து, முடிவில் 'ஸ்ஸ்ஸ்' என்று குக்கர்போல் சீறின. கூடமே சிரித்தது. மறு வருஷம் குக்கரை மாமியார் துணி சுற்றி வைத்தாள். குருவிகளோ அந்தக் கட்டடத்துப் பழைய லிஃப்டின் கிரில் கதவு கிறீச்சிடுவதைக் கற்றுக்கொண்டன. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிறவன், சொந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு அன்றுதான் எண்ணெய் விட்டான். கிறீச் சத்தம் நின்றது. ஒவ்வொரு மாடியிலும் வந்து நிற்கும்போது 'டக்' என்று ஒரு உதை மட்டும் மிச்சம் இருந்தது. அதை எந்தக் குருவியும் சீந்தவில்லை.

மூன்றாவது பருவம் தொடங்கும்போது மாமியாருக்கு முழங்கால் வலி அதிகமாயிருந்தது. இளவெயில் படும் பால்கனியில் அவள் கட்டிலைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அண்ணியே சொன்னாள். "இந்த வருஷமும் தேறலைன்னா எல்லாத்தையும் மருந்துக் கடைக்காரர்கிட்டக் குடுத்துடறேன். பால்கனி அத்தைக்கு."

"தேறிட்டா?" என்றான் கணவன்.

"தேறிட்டா உங்க ஆபீஸ் சாமானெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே, அந்த மூலையைக் காலி பண்ணி அத்தைக்குக் குடுங்க."

"அப்படிப் போடு!" என்று மாமியார் சிரித்தாள். அவளுக்கு எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கட்டில் உறுதி.

அந்த வருஷம் வாத்தியாருக்குப் பிறந்தவற்றில் ஆண்கள் சரியாக நான்கு. கடைசியாகப் பொரிந்த, மற்றவர்களைவிட ஒரு சுற்றுச் சின்னவனுக்குக் கடைக்குட்டி என்று பெயர். ஒருவன் கெட்டாலும் மாற்று ஆள் கிடையாது. ஆகவேதான் அண்ணி வீடு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்து, எங்கே அமைதி அதிகம் என்று பார்த்து, கடைசியில் பூனையின் கதவில் போய் நின்றாள்.

அலமாரிமேல் நான்கு சின்னக் கூண்டுகள் அடுக்கப்பட்டன. மேலே வாத்தியார். முன்னால் தடித்த திரை. இருட்டில் இருந்தால்தான் கவனம் சிதறாது. மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை திரையைத் திறந்துவிட்டால் வாத்தியார் பாடுவார். பசங்கள் முணுமுணுத்துப் பழகுவார்கள். அண்ணி கடைக்குப் போய்விடுவதால் திரை திறப்பது பூனையின் பொறுப்பு.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. காலையில் கிளம்புமுன் அண்ணி கதவருகில் நின்று கேட்பாள். முணுமுணுப்பு மெல்ல மெல்ல உருட்டாக மாறிக்கொண்டிருந்தது. ஒருநாள் கடைக்குட்டி உருட்டலின் முடிவில் புதிதாக எதையோ சேர்த்தான். தாழ்வாக இரண்டு, பிறகு மேலே ஏறி ஒன்று. மூன்றே சுரம். ஏறிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டது, யாரோ "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல.

அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வாத்தியார் அப்படிப் பாடியதே இல்லை.

"பூனை, இது எங்கேருந்து வருது?"

"எது அண்ணி?"

"இந்த மூணு. டூ, டூ, டுயீ."

பூனை கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கவனிக்கலையே" என்றாள்.

அன்றிலிருந்து அண்ணிக்குத் தேடுவதே வேலையாகப் போயிற்று. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்து நின்றாள். மாமியாரின் கைபேசியில் இருந்த அத்தனை மணிச் சத்தத்தையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

"ஏம்மா, யாருமே போன் பண்ணாம என் போன் ஏன் இப்படி அழுது?" என்றாள் மாமியார்.

"ஆராய்ச்சி அத்தை."

"கண்டுபிடிச்சதும் எனக்கும் சொல்லு. ஒரு வாரமா நான் ஹலோ சொல்லியே களைச்சுப் போயிட்டேன்."

பக்கத்து வீடுகளின் அழைப்பு மணியை அழுத்திப் பார்த்தாள். கதவு திறந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல, மணி எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்" என்று உண்மையைச் சொன்னாள். அவர்கள் அதை நம்பவில்லை. குழாய்களைத் திறந்தாள், மூடினாள். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர் டாங்கில் காதை வைத்துக் கேட்டாள். கணவன் கீழிருந்து, "டாங்க் என்ன சொல்லுது? நாளைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டான்.

இதற்குள் இரண்டாவது குருவியும் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டது. கேட்புக்கு இன்னும் சில வாரங்கள்தான். இரவில் படுத்தால் அந்த மூன்று சுரமே மண்டையைக் குடைந்தது. தப்பு என்ற கவலை ஒருபக்கம் இருக்க, அதைவிடப் பெரிதாக இன்னொரு கேள்வி இருந்தது. ஏன் அது அங்கேயே நிற்கிறது? எந்த மணியும், எந்த இயந்திரமும் அப்படிப் பாதியில் நிற்பதில்லையே?

ஒரு பிற்பகல் அந்த வட்டாரம் முழுக்க மின்சாரம் போயிற்று. தேய்க்கும் இயந்திரம் நின்றதும், கடை முதலாளி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீடு இரண்டு தெரு தள்ளி. லிஃப்ட் வேலை செய்யாததால் அண்ணி படியேறினாள். மாமியார் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பக் கூடாதென்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, மெதுவாக உள்ளே வந்தாள்.

பூனையின் அறையிலிருந்து அந்த மூன்று சுரம் கேட்டது. கடைக்குட்டிதான். அண்ணி பெருமூச்சு விட்டாள்.

உடனே, அதற்குப் பதில்போல, அதே மூன்று சுரம் மறுபடியும் வந்தது. இந்த முறை குருவியிடமிருந்து இல்லை. அதைவிடத் தடிப்பாக, மெதுவாக, உதட்டுக் காற்றோடு. ஒரு சீட்டி. அந்தச் சீட்டி மூன்றோடு நிற்கவில்லை. நான்காவது சுரம் வந்தது. ஐந்தாவது வளைந்து இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று ஏறியது. தனக்கு மட்டுமென்று, யாருக்காகவும் அவசரப்படாமல், ஒரு முழுப் பாட்டு கிளம்பி நடந்துகொண்டிருந்தது.

அண்ணி நின்ற இடத்தில் நின்றாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் பூனையின் தொண்டையிலிருந்து இப்படி ஒன்றை அவள் கேட்டதே இல்லை.

பாட்டு எங்கேயோ போய்த் திரும்பிக்கொண்டிருந்தபோது மின்சாரம் வந்துவிட்டது. கூடத்து விசிறி சுழன்றது. வெளியே எந்த மாடியிலோ மாட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் உயிர்பெற்று, இவர்கள் மாடிக்கு வந்து 'டக்' என்று நின்றது.

சீட்டி கத்தரித்ததுபோல் நின்றது.

அந்த நொடியில் அண்ணிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் சும்மா இருக்கிற நேரமே கிடையாது. பூனை சீட்டியை ஆரம்பிப்பாள், லிஃப்ட் வரும், யாராவது வீட்டுக்கு வருகிறார்களோ என்று வாயை மூடிக்கொள்வாள். சத்தம் அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து. மறுபடி 'டக்'. கடைக்குட்டி ஒழுங்கான மாணவன். கேட்டது எவ்வளவோ அவ்வளவைக் கற்றுக்கொண்டான்.

கதவின் கைப்பிடிமேல் அண்ணியின் கை இருந்தது. திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். "கேட்பு முடியற வரைக்கும் வேணாம் பூனை." அதில் தப்பே இல்லை. மற்ற இரண்டு பேரையாவது காப்பாற்றலாம். கடைக்குட்டிகூட மறந்தாலும் மறக்கலாம். மூன்று வருஷ உழைப்பு, பால்கனி, கால் வளையத்து எண், எல்லாம் அந்தக் கைப்பிடியின் அந்தப் பக்கம் இருந்தது.

ஆனால் உள்ளே இருப்பவளை அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் கேட்புவரைக்கும் இல்லை, இனி எப்போதுமே சீட்டி வராது. கூண்டின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெட்டையும், விரலில் குளிர்ந்த முட்டையும் அண்ணிக்கு நினைவு வந்தன. கையை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குத் திரும்பிப் போய், செருப்பை மாட்டி, வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்து நடந்து, "அத்தை, நான் வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தாள்.

இரவு சாப்பிடும்போது கணவன் ஆரம்பித்தான். "என்ன தாயே, அந்த மூணு சுரத் திருடன் மாட்டினானா?"

"மாட்டினான்."

பூனையின் கை தட்டிலேயே நின்றது.

"யாரு?"

"மாடி டாங்க் வால்வு. தண்ணி ஏறும்போது அப்படி ஒரு சத்தம்."

"நான் பார்த்துச் சரி பண்ணட்டுமா?"

"வேணாம். இனிமே பண்ணி என்ன ஆகப் போகுது?"

பூனை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். வால்வு எப்படி வேலை செய்யும் என்பதைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தவள் அவள். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

அதோடு அறையில் சீட்டி நின்றுபோயிற்று. அண்ணி அதற்கப்புறம் இரண்டு முறை படியேறி, செருப்பைக் கழற்றி வந்து பார்த்தாள். விசைப்பலகையின் தட்டல் மட்டும் கேட்டது. சொல்லாமல் விட்டும் பயனில்லாமல் போயிற்றே என்று இருந்தது. கடைக்குட்டி மட்டும் விடாமல், பதில் வராத மூன்று சுரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கேட்பு நாளன்று நடுவர் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். திரை விலகியது. நான்கும் சேர்ந்து தொடங்கின. அலகு திறக்காத ஆழமான உருட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. மருந்துக் கடைக்காரர் அண்ணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்: பரவாயில்லையே! நடுவரின் தலை மெல்ல ஆடியது.

டூ, டூ, டுயீ.

நடுவர் கண்ணைத் திறந்தார். இரண்டாவது குருவியும் அதையே சொன்னது. பிறகு, அதுவரை சுத்தமாக இருந்த மற்ற இரண்டில் ஒன்றும்.

முடிந்ததும் அவர் அண்ணியைக் கூப்பிட்டார். "உருட்டு நல்லா இருக்கும்மா. ஆழம் இருக்கு. ஆனா அந்த மூணு வர்ற இடமெல்லாம் கழிச்சா ஒண்ணும் தேறல."

"தெரியும் சார்."

"தெரிஞ்சேவா கொண்டு வந்தீங்க?" அவர் எழுதுவதை நிறுத்தினார். "எங்கே கத்துக்கிச்சு?"

"வீட்ல."

"குக்கரா?"

"இல்ல சார். ஒரு ஆள்."

"அப்படியா!" நடுவர் மறுபடி கூண்டுகள் பக்கம் திரும்பினார். கடைக்குட்டி சொல்லிவைத்ததுபோல் இன்னொருமுறை கேட்டான். "பாதியில நிக்குதே. மீதி என்ன?"

"அதுதான் சார் எனக்கும் முழுசாத் தெரியல."

பஸ்ஸில் திரும்பும்போது கூண்டுகளை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தாள். கடைக்குட்டி பாடியபோது முன் இருக்கைக்காரர் தன் சட்டைப் பையைத் தடவிப் போனைத் தேடினார். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன்பே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் நின்ற கணவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். இரண்டு கூண்டுகளை வாங்கிக்கொண்டு, "அந்த வால்வு மேல ஒரு புகார் எழுதிடுவோமா?" என்றான். அண்ணி மற்ற இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். உள்ளே பூனை தன் அறைக் கதவருகில் நின்றிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமலே உள்ளே போய்விட்டாள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள் அண்ணி. அந்த வாரமே மருந்துக் கடைக்காரர் வந்தார். ஜோடிகள் போயின. மற்ற மூன்று பசங்களும் போனார்கள். வாத்தியார் போனார். மருந்துக் கடைக்காரர் கடைசிக் கூண்டைத் தூக்கப்போனபோது மாமியார் கட்டிலிலிருந்து தடுத்தாள்.

"அந்தச் சின்னவன் இருக்கட்டும். டிவியில பேசறதுகூட எனக்குச் சரியாக் கேக்கறதில்ல. அவன் சொல்றது மட்டும் நல்லாக் கேக்குது."

"அத்தை, பால்கனி உங்களுக்குன்னு..."

"ஒரு கூண்டு எவ்வளவு இடம் அடைக்கும்? நான் என்ன யானையா?"

கணவனும் சேர்ந்துகொண்டான். "ஆமா தாயே, விட்டுடு. நேத்துக் குளிக்கும்போது நானே அதைத்தான் சீட்டி அடிச்சிட்டு இருந்தேன். ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு ஒட்டிக்கிச்சு."

பால்கனியைக் கழுவிவிட்டுக் கட்டிலைப் போட்டார்கள். மாமியார் காலை நீட்டிக்கொண்டு பின்தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கடைக்குட்டியின் கூண்டை அங்கேயே மாட்டலாம் என்றாள் அவள். கூடத்தில் வைக்கலாம் என்றான் கணவன். அண்ணி கூண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பூனையின் கதவைத் தட்டினாள்.

"இவன் இங்கதான் பழகினவன். இங்கயே இருக்கட்டுமா?"

பூனை கூண்டை வாங்கி அலமாரிமேல் வைத்தாள். அண்ணிக்கு முதுகைக் காட்டியபடியே தீனிக் கிண்ணத்தைச் சரிசெய்துகொண்டு நின்றாள். "அண்ணி... அந்த வால்வு சீட்டி அடிக்காது."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"கரண்ட் போன அன்னிக்கு."

பூனை திரும்பினாள். அவள் முகம் காது வரை சிவந்திருந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமே. நிறுத்தியிருப்பேனே."

"அதனாலதான் சொல்லல."

இருட்டுத் திரை இல்லாத கூண்டில் கடைக்குட்டி இங்கும் அங்கும் தாவி, இறகைச் சிலுப்பிக்கொண்டு, தன் மூன்று சுரத்தைச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பூனையைப் பார்த்தான். வெளியே லிஃப்ட் இவர்கள் மாடியை நோக்கி ஏறிவரும் சத்தம் கேட்டது.

"பூனை, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன அண்ணி?"

"அது எங்க போய் முடியுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இவனுக்கும்தான்." அண்ணி கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "லிஃப்ட் வந்தா வரட்டும். நீ பாதியில நிறுத்தாதே."